குறைந்த விலையில் நல்ல கத்தி

கத்தி வாங்குவது ஒரு சிறு காரியம். அதற்கென ஒரு கட்டுரையும் வேண்டுமோ என்று அங்கத்தினர்களில் சிலர் எண்ணக்கூடும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மலையடிவாரத்தில் உள்ள ஒரு சங்கத்தை ஆய்வு செய்தபோது, பண்டகசாலைக்குக் கத்திகள் வாங்கிய செலவுச் சீட்டு ஒன்று என் முன் வைக்கப்பட்டது. மூன்று விலைப்புள்ளிகள் பெறப்பட்டிருந்தன; அவற்றுள் குறைந்ததே ஏற்கப்பட்டிருந்தது; நிர்வாகக் குழுவின் தீர்மானமும் முறையாக இருந்தது. ‘விதிப்படி உள்ளது’ என்று குறித்துக் கையொப்பமிட்டேன். கத்தி எத்தகையது என்று கேட்கவும் இல்லை. ஒன்றை எடுத்துப் பார்க்கவும் இல்லை.

அந்தச் சங்கத்தில் வாழையும் மஞ்சளும் பயிரிடுவோர் பெரும்பாலோர்; நெசவுக் குடும்பங்களும் சில உண்டு. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஆடு இருக்கிறது. அரிவாள் இல்லாத வீடு கிடையாது. ஆயினும் கயிறு அறுக்கவும், சாக்கு கிழிக்கவும், மூங்கில் சீவவும், முளைக்குச்சி கூராக்கவும், திருவிழாவில் ஆடு உரிக்கவும் அரிவாள் பெரிது. சமையலறைக் கத்தியோ மெலிது. மடக்குக் கத்தியை இடுப்பில் செருகிக்கொள்வது எளிது என்றாலும், அதன் கீலில் மண்ணும் கொழுப்பும் புகுந்துவிட்டால் திறப்பதும் மூடுவதும் தொல்லை. அழுத்தி வெட்டுகையில் தாழ் நழுவி விரல் மேலேயே மடங்கிவிடுவதும் உண்டு. ஆகவே, மடங்காமல் பிடியோடு நிலையாகப் பொருந்திய, நாலங்குல அலகுடைய கத்தி ஒன்று வேண்டும் என்று இளைஞர்கள் சங்கத்தைக் கேட்டிருந்தார்கள். கைப்பேசியில் அவர்கள் கண்ட பெயர் ‘வேட்டைக் கத்தி’. பெயர் அப்படியே தீர்மானத்திலும் ஏறிவிட்டது.

இந்தப் பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் நம் நாட்டில் காட்டு விலங்கை வேட்டையாடுதல் குற்றமாகும். அச்சட்டத்தில் ‘ஆயுதம்’ என்னும் சொல்லுக்குக் கூறப்பட்டுள்ள பொருளில் கத்தியும் அடங்கும்; அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்திற்குள் நுழைவதும் குற்றமே. ஆடு மேய்ப்போரும் தேன் எடுப்போரும் இதனை அறிந்திருத்தல் நலம். ஆயுதச் சட்ட விதிகளிலோ, 9 அங்குலத்திற்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்திற்கு மேல் அகலமான அலகுடைய கத்திகள் ஆயுத வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. வீட்டு உபயோகத்திற்கும் விவசாயத்திற்கும் தொழிலுக்கும் என அமைந்தவை அதற்கு விலக்கு. நம் வேலைக்கு நாலங்குலம் போதும். அதற்கு மேல் நீண்ட அலகு, கையில் இருக்கும்போது வீரமாகத் தோன்றுமேயன்றி, ஆட்டின் சந்துகளில் திரும்பாது.

கத்தி வாங்கிய மறு ஆண்டு அதே சங்கத்தின் நிலுவைப் பட்டியலைப் பார்த்தேன். ஒருநாளும் தவணை தவறாத நெசவாளர் ஒருவரின் பெயர் அதில் இருந்தது. தறிக் கடனில் ஆறு தவணைகள் நின்றிருந்தன. செயலாளரை விசாரித்தபோது, “அவருக்குக் கை போயிடுச்சுங்க சார். நம்ம கடைக் கத்திதான்” என்றார்.

நேரில் சென்று பார்த்தேன். அம்மன் திருவிழாவிற்கு ஆடு உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். தொடைச் சந்தில் அலகை நுழைத்துத் திருகியபோது பிடி தனியே சுழன்று கழன்றுவிட்டது. கையெல்லாம் கொழுப்பு, கத்தியிலோ விரலைத் தடுக்க ஒன்றும் இல்லை. உள்ளங்கை அலகின் மேலேயே வழுக்கிச் சென்றது. வலக்கையில் இரண்டு விரல்களின் தசைநாண்கள் அறுந்துபோயின. அரசு மருத்துவமனையில் தைத்துச் சேர்த்தார்கள். ஆயினும் அவ்விரு விரல்களும் இன்றுவரை முழுவதும் மடங்கவில்லை. நாடாவை ஓட்டும் கயிற்றை நாள் முழுதும் இழுக்கும் கை அது என்பதை நெசவாள அங்கத்தினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏழு மாதம் குழித்தறியில் அவருடைய மனைவி அமர்ந்தார். வீட்டு வேலை முழுவதும் பள்ளிக்குச் செல்லும் மகளின் தலையில் விழுந்தது.

அவர் என்மேல் சினம் கொள்ளவில்லை. உள்ளே சென்று அந்தக் கத்தியின் இரண்டு துண்டுகளையும் எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். “பாக்க நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்றார். பளபளக்கும் அலகு; முதுகில் ரம்பம்போல் பற்கள்; பிடியின் அடியில் திருகி மூடும் மூடி; மூடிக்குள் ஒரு சிறு திசைகாட்டி. பிடி முழுவதும் உள்ளே வெறும் குழாய். அலகின் வால் ஓர் அங்குலம்கூட இல்லை. அதனை ஒரு சிறு மரையால் குழாயோடு இறுக்கியிருந்தார்கள். அந்த மரை கழன்றதுதான் நடந்த விபரீதம்.

இத்தகைய கத்திக்கு ஒரு வரலாறு உண்டு. 1982இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் கதாநாயகன் வைத்திருந்த குழாய்ப்பிடிக் கத்தியை ஜிம்மி லைல் என்னும் கைதேர்ந்த கத்திக் கொல்லர் செய்து கொடுத்தார். படம் ஓடியது, கத்தியின் சாயலில் மலிவான போலிகள் உலகெங்கும் குவிந்தன. சாயல் எளிதில் வந்துவிடும். லைலின் கைவேலை வராது. தீக்குச்சியும் தூண்டில் முள்ளும் வைக்கப் பிடிக்குள் இடம் வேண்டும் என்பதற்காக, கத்திக்கு முதுகெலும்பாக இருக்கவேண்டிய வாலையே வெட்டிவிடுகிறார்கள். தீப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதாதா?

ஆகவே கத்தி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத வாலை. அலகின் உருக்கே பிடியின் கடைசிவரை அதே அகலத்தில் நீண்டு, இரு புறமும் மரப்பட்டை வைத்து ரிவெட்டு ஆணிகளால் அறையப்பட்டிருந்தால், பிடியின் ஓரத்தைச் சுற்றி உருக்குக் கோடு தெரியும். இதுவே ஏமாற்ற இயலாத அமைப்பு. வால் குறுகி மரத்துக்குள் மறைந்து செல்லும் அமைப்பும் தீயதன்று. பிடியின் முக்கால் பங்காவது அது உட்சென்று, வாயில் பூண் இறுகியிருக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி, அலகைத் தடித்த துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பிடியை மற்றொரு கையால் திருகிப் பாருங்கள். மயிரிழை அசைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம். பிடி உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருப்பது நல்லது. இருட்டிலும் வாய் எந்தப் பக்கம் என்று கை அறியும். அலகும் பிடியும் சேருமிடத்தில் விரல் முன்னே செல்லாதபடி ஒரு தடுப்போ, மரத்திலேயே ஒரு புடைப்போ கட்டாயம் வேண்டும். அந்த நெசவாளரின் கத்தியில் அரை விரற்கடை உயரத்திற்கு அத்தகைய புடைப்பு இருந்திருந்தால், பிடி கழன்ற பின்னரும் கை அவ்வளவு தூரம் சென்றிராது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது உருக்கு. இரும்பில் கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே கத்தியின் குணம் அமைகிறது. நூற்றில் கால் பங்குக்கும் குறைவாகக் கரி உள்ள மெல்லிரும்பைக் காய்ச்சி எத்தனை முறை நீரில் தோய்த்தாலும் அது கடினப்படாது. நூற்றில் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி உள்ள உருக்கே கத்திக்கு உரியது. துருப்பிடிக்காத உருக்கில் இத்துடன் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் குரோமியம் சேர்கிறது. இதிலேதான் ஏமாற்றம் மிகுதி. பாத்திரம் செய்யும் துருப்பிடிக்காத உருக்கும் பளபளக்கும், கத்திக்குரிய உருக்கும் பளபளக்கும். முன்னதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க இயலாது. இரண்டையும் வேறுபடுத்த ஓர் எளிய வழி உண்டு. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத் துண்டு ஒன்றைக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். அலகில் காந்தம் சரியாக ஒட்டாவிட்டால் அது பாத்திர உருக்கு, வாங்க வேண்டாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று பொருளாகாது; மெல்லிரும்பிலும் காந்தம் ஒட்டும். அதற்கு அரம் வேண்டும். பிடிக்கு அருகில் வாயின் ஓரத்தில் ஒரு சிறிய புது அரத்தால் மெல்லத் தேயுங்கள். அரம் இரும்பைக் கடித்து இழுத்தால் அலகு மென்மை. வழுக்கிச் சென்றால் கடினம்.

கடினமாக இருந்தால் மட்டும் போதாது என்பதை நாங்கள் பின்னர் செலவழித்தே கற்றுக்கொண்டோம்.

பொதுக்குழுக் கூட்டத்தில் இச்செய்தி பேசப்பட்டபோது, மீதமிருந்த கத்திகளைத் திருப்பிப் பெற்றுப் பணத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. கத்தியே வேண்டாம் என்றார் ஒருவர். மற்றவர்கள் இசையவில்லை, தேவை தேவையாகவே இருந்தது. மறுபடியும் மூன்று விலைப்புள்ளி கேட்டால் மறுபடியும் குறைந்த விலைக்காரனிடமே சிக்குவோம் என்று தலைவர் வருந்தினார். அவர் கூறியதில் பாதியே சரி. குறைந்த விலையை ஏற்கவேண்டும் என்ற விதி, ஒரே தரமான சரக்குக்குப் பலர் விலை கூறும்போதுதான் பொருளுடையது. நாம் முதலில் அனுப்பிய கடிதத்தில் ‘வேட்டைக் கத்தி, நாலங்குலம்’ என்ற சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. வால் எவ்வளவு, உருக்கு எது, தடிப்பு எத்தனை, சோதனை எப்படி என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அவ்வாறிருக்க, விலையைத் தவிர வேறு எதை ஒப்பிடுவது? அந்தக் கடிதத்தின் நகலும் என் ஆய்வுக் கோப்பில் இருந்தது. நான் அதனைப் படித்துமிருந்தேன்.

இம்முறை மாதிரி முதலில், விலை பின்னர் என்று வைத்துக்கொண்டோம். ஒரு மாதிரி, ஸ்வீடனிலிருந்து வரும் மோராக் கத்தி. அந்நாட்டின் டாலர்னா மாகாணத்தில் மோரா என்னும் ஊரையும் அதன் பக்கத்துக் கிராமங்களையும் சேர்ந்த சிறு குடியானவர்கள், நிலவருவாய் போதாமல், கத்தி செய்வதைத் துணைத் தொழிலாகப் பல தலைமுறைகளாகக் கொண்டிருந்தார்கள். அமெரிக்கா சென்று திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் 1891இல் அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். மரம் ஏற்றும் சறுக்குவண்டிகளோடு கத்திகளும் அதில் உருவாயின. அவ்வழியில் வளர்ந்த தொழிலே இன்று ஆலைத் தொழிலாக நிற்கிறது. அந்நாட்டில் தச்சர், மீனவர், வேட்டைக்காரர் யாவரும் வாங்கக்கூடிய எளிய விலைக்கு அது விற்கப்படுகிறது. இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் தடிப்பு, நாலங்குல அலகு, ஒரு சாதாரணப் பிடி, அலங்காரம் எதுவுமில்லை. அதனை எடுத்துப் பார்த்த நம் விவசாயி ஒருவர், “இதுல ஒண்ணுமே இல்லையேங்க” என்றார். பின்னர் அதனால் ஒரு மூங்கிலைச் சீவிப் பார்த்து மௌனமானார். ஆயினும் கப்பற் கூலியும் சுங்கமும் சேர்ந்து நம் ஊரில் அதன் விலை இரண்டாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அங்கே ஏழையின் கத்தி. இங்கே செல்வரின் கத்தி. விலை நியாயமானதே, நமக்கு அது கட்டாது.

மற்றொரு மாதிரியைப் பக்கத்து ஊர்க் கொல்லரிடம் செய்யச் சொன்னோம். லாரியின் பழைய வில்பட்டையே அவருக்கு மூலப்பொருள். இதில் இழிவு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வேட்டைக் கத்திக்குப் பெரும் புகழ் பெற்ற பாப் லவ்லெஸ், வணிகக் கப்பலில் வேலை செய்த நாளில், 1953இல் நியூயார்க் கடையொன்றில் ஒரு கத்தி கேட்டு, பல மாதம் காத்திருக்க வேண்டும் என்று அறிந்து, பழைய பேக்கர்டு காரின் வில்லுருக்கைக் கொண்டு தாமே தம் முதற்கத்தியைச் செய்துகொண்டார். வில்பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி இருக்கும். கத்திக்கு அது போதும். நெடுநாள் உழைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும் என்பது ஒன்றே குறை. அரம் போட்டுத் தேய்த்தபின் மயிர்க்கோடு போல் எதுவும் தெரிகிறதா என்று வெயிலில் பார்த்துக் கழிக்க வேண்டும்.

லவ்லெஸைப் பற்றிச் சொன்னதால் முனையின் வடிவத்தையும் இங்கேயே கூறிவிடுகிறேன். அவர் பரப்பிய வடிவத்தில் கத்தியின் முதுகு முனையை நோக்கி மெல்லத் தாழ்ந்து வரும். விலங்கின் வயிற்றைத் திறக்கும்போது முனை மேல்நோக்கி எழுந்திருந்தால் குடலைக் குத்திவிடும்; இறைச்சி கெடும். தாழ்ந்த முனையில் அந்த அபாயம் குறைவு. வேட்டையே இல்லாத நம் ஊரிலும் ஆட்டுக்கு இதே நியாயந்தான். முதுகில் ரம்பப் பற்கள் வேண்டவே வேண்டாம். அவை எதையும் அறுப்பதில்லை. கட்டைவிரலை ஊன்ற விடுவதுமில்லை.

கொல்லர் கொணர்ந்த முதல் மாதிரி தோற்றத்தில் நன்றாக இருந்தது. அரம் அதன்மேல் கண்ணாடியின்மேல் வழுக்குவதுபோல் வழுக்கியது. நாங்கள் மகிழ்ந்தோம். காய்ந்த மூங்கில் கணுவில் இரண்டு முறை வைத்துச் சீவியதும் வாயில் எலி கடித்தாற்போல் ஒரு சில்லு பெயர்ந்தது. அதனை அவர் நீரில் தோய்த்ததோடு விட்டிருந்தார். மறுபடி காய்ச்சிப் பதம் இறக்கவில்லை. தோய்ச்சலால் உருக்கு கடினப்படும்போது கண்ணாடியைப் போல் நொறுங்கும் தன்மையையும் பெறுகிறது. பின்னர் அதனை மென்சூட்டில் காய்ச்ச வேண்டும். தேய்த்து வெளுப்பாக்கிய அலகு சூடேறுகையில் முதலில் வைக்கோல் நிறம் காட்டும். அது ஏறத்தாழ 220 அல்லது 230 டிகிரி சென்டிகிரேடு. அந்த நிலையில் நிறுத்தினால் கத்திக்குரிய பதம். 300 டிகிரியை நெருங்கி நீலம் பாய்ந்துவிட்டால் வில்லுக்கு ஆகும், கத்திக்கு ஆகாது. கொல்லர் இதனை அறியாதவர் அல்லர். “அருவாளுக்கு வைக்கிற பதம் வேறங்க, இதுக்கு வேற. இத்தனை சின்னதா யாரும் கேட்டதில்லை” என்றார். நம் நாட்டு உருக்கின் பெருமை பேசும்போது கொடுமணல் அகழ்வாய்வைச் சொல்கிறோம். இன்றைய கொல்லரிடம் ஒரு நல்ல கத்தியைக் கேட்டு வாங்க மறந்திருக்கிறோம்.

இரண்டாம் மாதிரியை எண்ணெயில் தோய்த்து, வைக்கோல் நிறத்தில் பதம் இறக்கிக் கொண்டுவந்தார். அதற்கு ஒரு பித்தளைக் கம்பியைச் சோதனையாக வைத்தோம். கம்பியின்மேல் கத்தியின் வாயைச் சற்றே சாய்த்து வைத்து அழுத்தினால், மெல்லிய வாய் வளைவது வெளிச்சத்தில் தெரியும். கையை எடுத்ததும் நேராகிவிட்டால் நல்ல பதம். வளைந்தே நின்றால் மென்மை. சில்லு பெயர்ந்தால் மிகைக் கடினம். இம்முறை நேராயிற்று. தடிப்பு நாலரை மில்லிமீட்டர் இருந்தது. ஆடு உரிக்க அது கனம் என்று சொல்லி மூன்றாகக் குறைக்கச் செய்தோம். பிடிக்குப் புளியம் வைரம். மூன்று பித்தளை ரிவெட்டுகள். முன்னால் விரல் தடுக்கும் புடைப்பு. விலை 420 ரூபாய். முந்தைய கத்தியோ 190 ரூபாய். இருமடங்குக்கு மேல் ஆகிறதே என்று குழுவில் ஓர் அங்கத்தினர் கேட்டார். யாரும் பதில் கூறுமுன் அந்த நெசவாளர் எழுந்து, “மத்ததோட விலை எனக்குத் தெரியுமுங்க” என்று சொல்லி அமர்ந்தார். நாற்பது கத்திகளுக்கு உத்தரவு போயிற்று. உத்தரவோடு, மேலே கூறிய சோதனைகள் யாவும் எழுத்தில் போயின; தேறாதவை திரும்பும் என்ற நிபந்தனையும் போயிற்று. நாற்பதில் மூன்று திரும்பின. கொல்லர் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

வாங்கியவர்களுக்குச் சில குறிப்புகள். இது துருப்பிடிக்கும் உருக்கு. இரத்தமும் எலுமிச்சைச் சாறும் பட்டால் ஒரே இரவில் கறுக்கும். கழுவித் துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். பொன்மங்கலான கறுப்பு நிறம் படிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். செந்நிறத் துருவே கேடு. மின்விசைச் சாணையில் கொடுத்துவிடாதீர்கள். நெருப்புப் பொறி பறக்கும் இடத்தில் வாய் நீலம் பாய்ந்து பதம் முழுவதும் போய்விடும். சாணை பிடிப்பவரிடம் கொடுத்தே தீரவேண்டுமாயின், தொட்டால் சுடும் அளவுக்குச் சூடேறுமுன் நீரில் நனைத்து நனைத்துத் தீட்டச் சொல்லுங்கள். வீட்டில் கல்லின்மேல், பக்கத்திற்குச் சுமார் 20 டிகிரி சாய்வில், ஒரே சாய்வு மாறாமல் தேய்த்தால் போதும். முடிந்ததா என்று அறிய விரலால் தடவ வேண்டாம். வாயை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் ஒளியை வாங்கி வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாயில் ஒளி நிற்காது. மழுங்கிய கத்தியே அதிகம் வெட்டுகிறது என்பார்கள். அழுத்த வேண்டிவருவதால் கை நழுவுகிறது என்பதே அதன் காரணம்.

அந்த நெசவாளரின் தவணைகளைத் தள்ளித் திருத்தியமைக்கக் குழு தீர்மானித்து, மேலிட ஒப்புதலும் பெற்றாயிற்று. அவர் இப்போது இடக்கையால் கயிற்றை இழுத்து நெய்யப் பழகிவருகிறார்; வேகம் முன்போல் இல்லை. புதிய கத்தி ஒன்றும் வாங்கியிருக்கிறார்.

தோல் உறைகள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. தைப்பவர் பொங்கலுக்குப் பிறகுதான் என்கிறார். அதுவரை யாரும் கத்தியை வெறுமனே இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டாம். காய்ந்த மூங்கிலில் அலகின் நீளத்திற்கு ஒரு துண்டு வெட்டி, இரண்டாகப் பிளந்து, உட்புறம் அலகு செல்லுமளவு குடைந்து, பழைய பாவு நூலால் இறுகச் சுற்றினால் அதுவே நல்ல உறை. கத்தியை எடுத்து வைக்கும்போது மட்டும் வாய் நூற்பக்கம் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.